கேளாமல் செய்யும் தர்மம்



சேசுநாதர் சுவாமி எரிக்கோ நகரைக் கடந்து போகையில், வழியோரம் உட்கார்ந்து கூவிய குருடனை அருகில் அழைத்து, அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டதாக அர்ச். மாற்கு எழுதுகிறார். அவன் குறை யாவர் கண்ணுக்கும் தெரிந்ததே. சகலமும் அறிந்தவர் ஏன் கேட்க வேண்டும்? நன்மை செய்யுமுன், அதைப் பெறுகிறவனைக் கேட்பது வெறும் மரியாதையா, கடமையா?

இங்கிலாந்தில் டிஸ்ஆர்டினரி ஆர்கிடெக்சர் என்னும் அமைப்பு இக்கேள்விக்குச் செயலால் விடை தருகிறது. உடற்குறையுள்ள கலைஞர்களே ஆசிரியர்களாய் நின்று, கட்டடக்கலை மாணவர்களுக்குப் பயிற்சிப் பட்டறை நடத்துகிறார்கள். மாணவன் கண்ணை ஒரு மணி நேரம் கட்டிவிட்டால் அவன் தன் பயத்தைத்தான் அறிவான். பல்லாண்டு பார்வையின்றி நடந்தவரோ ஒலியாலும் காற்றாலும் தரையின் தன்மையாலும் கட்டடத்தை அறிகிறார். அமெரிக்காவில் கிறிஸ் டவுனி என்ற கட்டடக்கலைஞர் 2008-ம் ஆண்டில் அறுவைச் சிகிச்சைக்குப் பின் பார்வை இழந்தும் தொழிலை விடவில்லை. புடைத்த கோடுகளாய் அச்சிட்ட வரைபடங்களை விரலால் வாசித்து வேலை செய்து வந்திருக்கிறார்.

“படித்த இஞ்சினியருக்குத் தெரியாததா?” என்பீர்கள். அவருக்கு அளவு தெரியும். ஆனால் பிறரிடம் கற்றுக்கொள்ளும் மனதையும் விவேகம் என்ற புண்ணியத்தின் பகுதியாக அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் வைத்திருக்கிறார். இவ்விஷயத்தில் எந்த மனிதனும் தனக்குத் தானே போதுமானவன் அல்லன் என்பது அவர் காட்டும் காரணம்.

பிறரைச் சொல்லுமுன் என் தவறைச் சொல்லுகிறேன். சென்ற ஆண்டு நம் கோவில் பக்கவாசலில் சாய்வுப்பாதை கட்டினோம். ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது பொதுக் கணக்கு. வாசல் உயரம் 2 அடி. 24 அடி வேண்டும். இடமில்லை என்று 10 அடியில் முடித்தோம். நான் மந்திரித்தேன், நீங்கள் கைதட்டினீர்கள். முதல் ஞாயிறன்றே, சக்கர நாற்காலியில் வந்த தாயார் ஒருவரைத் தள்ளி ஏற்ற இரண்டு வாலிபர்கள் திணறினார்கள். “சாமி, கட்டுமுன்னே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார் அந்த அம்மாள். அவர் வீடு கோவிலுக்கு நாலாவது வீடு.

கேளாமல் கொடுப்பதில் ஒரு மறைவான அகங்காரம் உண்டு: நாம் கொடுக்கிறவர்கள், அவர்கள் வாங்குகிறவர்கள் என்ற எண்ணம். ஆனால் கோவில் அவர்களுக்கும் தகப்பன் வீடு. சொந்த வீட்டுக்குள் நுழைய வழி கேட்பவன் பிச்சை கேட்கவில்லை. அவனுக்குரியதைக் கொடுப்பது நீதி. நீதி செலுத்தாத இடத்தில் தர்மத்துக்குப் பெருமை இல்லை.

ஆகவே பாதையை இடித்துத் திரும்பக் கட்ட வேண்டும். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின், படிகள் இல்லாத பள்ளிக்கூட முற்றத்தில் கூடுவோம். நடக்க இயலாதவர்களும் பார்வையற்றவர்களும் சொல்லட்டும். நானும் கொத்தனாரும் எழுதிக்கொள்வோம். வர இயலாதவர் வீட்டுக்கு நானே வருவேன். நன்கொடைப் பேச்சு அதற்குப் பிறகு.

சர்வேசுரன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமி