பதினொரு மணித்தியாலம்

ஹீத்ரோவிலிருந்து கொழும்பு ஏறத்தாழ 8,700 கிலோமீற்றர். நேரடி விமானமென்றால் பதினொரு மணித்தியாலம். அங்கிருந்து யாழ்ப்பாணம் இன்னும் 400 கிலோமீற்றர், பஸ்ஸில் ஓர் இரவு. சின்னம்மா மோசம்போன அன்று இந்தக் கணக்கை நான் போடவேயில்லை. அவவின் மகன் தொலைபேசியில், “அண்ணை, ரண்டு நாள் வைச்சிருக்கலாம். வாறியளோ?” என்று கேட்டான். “வேண்டாம், எடுங்கோ. தூரமெல்லே” என்றேன்.

1993இல் அம்மா இறந்தபோதும் தூரம்தான். ஆனால் அது வேறு தூரம். என்னிடமிருந்தது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். சொந்த நாட்டைத் தவிர மற்ற இடங்களுக்குப் போகலாம். யாழ்தேவி 1990இலேயே நின்றுவிட்டது. கண்டி வீதி மூடியிருந்தது. கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடக்கவேண்டும். கடந்தவர்களில் பலர் சுடப்பட்டு இறந்தார்கள். 8,700ஐவிட அந்த 400 தான் நெடுந்தூரம். செய்தி கடிதத்தில் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அழுதேன். ஆனால் குற்றவுணர்ச்சி இல்லை.

2009இல் வீதி திறந்தது. 2014இல் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் போனது. என் கையில் பிரித்தானியக் கடவுச்சீட்டு. ‘தூரம்’ என்ற சொல் மட்டும் மாறவில்லை.

கிழக்கு வங்காள அகதிகளின் பட்டினியை முன்வைத்து 1972இல் பீற்றர் சிங்கர் ஒரு கட்டுரை வெளியிட்டார். கண்முன்னே குளத்தில் மூழ்கும் பிள்ளையைத் தூக்குவது கடமையென்றால், ஆயிரக்கணக்கான மைல்களுக்கப்பால் சாகிறவரைக் காப்பதும் கடமைதான், தூரம் அறத்தைக் குறைக்காது என்பது அவர் வாதம். நான் அதை முழுமனதோடு ஒப்புக்கொண்டவன். மாதாமாதம் காசு அனுப்பினேன். காசுக்குத் தூரமில்லை, நிமிடத்தில் போய்விடும். சின்னம்மா கேட்டது அதையல்ல. “காசு கிடக்குது தம்பி. நீ ஒருக்கா வந்திட்டுப் போ.” அனுப்பமுடியாத ஒன்றைக் கேட்பவருக்குச் சிங்கரின் வாதத்தால் என்ன சொல்வது? அங்கே உடம்பே போகவேண்டும்.

இன்றும் போகமுடியாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். விசா இல்லாதவர்கள், போனால் விசாரணைக்கு அஞ்சுகிறவர்கள். அவர்களைப்பற்றி நான் பேசவில்லை. அவர்களுடைய காரணத்தை நான் இரவல் வாங்கிக்கொண்டேன் என்பதே என் சங்கடம். ரொறன்ரோக் கலியாணத்துக்கு எட்டு மணித்தியாலம் பறந்தவன் நான். அப்போது யாரிடமும் தூரமென்று சொல்லவில்லை.

மகள் கேட்டாள்: “ஏன் அப்பா போகேல்லை?”

“தூரம் பிள்ளை.”

அவள் கைபேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இண்டைக்கு இரவு ஏறினா நாளைக்குப் பின்னேரம் கொழும்பு” என்றாள். குறைசொல்லும் குரலல்ல, உதவப் பார்த்தாள்.

அடுத்தநாள் ஈஸ்ற்ஹாமில் காலை ஆறு மணி; அங்கே பத்தரை. மருமகன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு சுடலைவரைக்கும் நடந்தான். வெயிலில் திரை வெளிறிப் போயிற்று.

“மாமா, தெரியுதோ?”

“தெரியுது” என்றேன்.