தண்டமா? தண்டலா?

கொலை வழக்கென்றால் நாடே உற்று நோக்குகிறது. இதழ்கள் எழுதுகின்றன, வழக்கறிஞர்கள் வாதாடுகின்றனர், தீர்ப்பு நாளன்று மன்றத்தின் வாயிலிலே மக்கள் திரளுகின்றனர். ஆனால், மோட்டாரைச் சற்று விரைந்து ஓட்டியவன், நிறுத்தக்கூடாத இடத்திலே நிறுத்தியவன், விளக்கெரியாத வண்டியோடு வெளிக்கிளம்பியவன், இவர்கள்மீது நடைபெறும் வழக்கை யார் பார்க்கிறார்கள்? காவலர் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார், மன்றத்து எழுத்தர் ஏட்டிலே பதிகிறார், பணம் கட்டப்படுகிறது, கதை முடிகிறது.

முடிகிறதா? பணமுள்ளவனுக்கு முடிகிறது. இல்லாதவனுக்கோ, கதை அங்கேதான் தொடங்குகிறது!

எண்ணிப் பாருங்கள். மக்களிலே மிகப் பெரும்பாலோர் தம் வாழ்நாளில் உயர்நீதிமன்றத்தின் படியை மிதிப்பதேயில்லை. சட்டம் என்பதை அவர்கள் முகத்துக்கு முகம் காண்பது சாலையோரத்திலேதான். அங்கே சட்டம் நேர்மையாக நடந்து கொண்டால், நாட்டிலே நீதி இருக்கிறது என்று நம்புவர். அங்கே அது வழிப்பறி செய்தால், அரசியல் சட்டத்தின் அழகிய சொற்களை அவர்களிடம் படித்துக் காட்டி என்ன பயன்? ஆகவேதான் கேட்கிறோம்: அந்தச் சீட்டு எதற்காக? குற்றத்தைத் திருத்தும் தண்டமா? கருவூலத்தை நிரப்பும் தண்டலா?

சாலை விதியே வேண்டா என்பாரல்லர் நாம். 2022ஆம் ஆண்டில் அமெரிக்கச் சாலைகளிலே நேர்ச்சிகளில் மாண்டவர் தொகை 42,000க்கும் அதிகம். போர்முனைக்குச் சென்றவர்களல்லர் அவர்கள். பணிமனைக்கும் பள்ளிக்கும் புறப்பட்டவர்கள். வண்டியோட்டுபவன் கையிலே இருப்பது அவன் உயிர் மட்டுமன்று, வழிச் செல்வோர் உயிருமாகும். எனவே விதி வேண்டும். மீறினால் தண்டனையும் வேண்டும். ஆனால், குற்றம் குறைந்தால் மகிழ வேண்டிய அரசு, குற்றம் குறைந்தால் வருவாய் குறையுமே என்று வருந்தத் தொடங்கினால்? மருந்து கொடுப்பவனே, நோய் நீடிக்க வேண்டுமென்று விரும்பத் தொடங்கினால்?

இது கற்பனையன்று. அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், செயின்ட் லூயிஸ் நகருக்கு அருகே, பெர்குசன் என்றோர் ஊர். மக்கள் தொகை ஏறத்தாழ 21,000. 2014ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் மைக்கேல் பிரௌன் என்னும் 18 வயதுக் கறுப்பின இளைஞன், காவலர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டான். ஊர் கொதித்தெழுந்தது. ஒரு சாவுக்கா இவ்வளவு சீற்றம் என்று தொலைவிலிருந்தோர் வியந்தனர். அமெரிக்க நடுவண் அரசின் நீதித்துறை ஆராயப் புகுந்தது. 2015 மார்ச்சு 4ஆம் நாள் அறிக்கை வெளிவந்தது. ஆண்டாண்டுகளாக அந்த மக்கள் நெஞ்சிலே மூண்டு கிடந்த நெருப்பு எதுவென்று அப்போதுதான் உலகுக்குப் புரிந்தது. அந்த நெருப்புக்கு விறகாக அடுக்கப்பட்டவற்றுள், சாலையோரச் சீட்டுகள் ஆயிரமாயிரம்!

2010ஆம் ஆண்டில் அந்நகரின் வருவாய் ஒரு கோடியே 11 இலட்சம் டாலர். அதிலே மன்றத்தின் வழியாக வந்த அபராதமும் கட்டணமும் 13 இலட்சத்து 80 ஆயிரம் டாலர். 2015ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்திலே எதிர்பார்க்கப்பட்ட அபராதத் தொகையோ 30 இலட்சத்து 90 ஆயிரம் டாலர்! மொத்த வருவாயில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. குற்றம் இனிமேல்தான் நடக்க வேண்டும். குற்றவாளி யாரென்று இன்னும் தெரியாது. ஆனால் அவன் கட்டப்போகும் தொகை மட்டும் ஏட்டிலே முன்கூட்டி எழுதப்பட்டுவிட்டது. விற்பனை வரி குறையும் போலிருக்கிறது, சீட்டுகள் பெருகாவிட்டால் வருவாயை உயர்த்த இயலாது என்று நகரின் நிதித்துறை, காவல்துறைக்கு 2010இல் எழுதியது. நிதியதிகாரி கேட்கிறார், காவலர் கொண்டுவருகிறார், மன்றம் முத்திரையிடுகிறது. நீதிபதியின் நாற்காலி தண்டற்காரரின் திண்ணையாகிவிட்டது.

யாரிடம் தண்டினார்கள்? ஊர் மக்களுள் கறுப்பினத்தார் 67 விழுக்காடு. 2012 முதல் 2014 முடிய, வழிமறிக்கப்பட்ட வண்டியோட்டிகளுள் அவர்கள் 85 விழுக்காடு. சீட்டுப் பெற்றோருள் 90. கைது செய்யப்பட்டோருள் 93. அவர்களே மிகுதியாகக் குற்றம் புரிந்தனர் போலும் என்பார் உண்டு. அவர்களுக்கும் அந்த அறிக்கையே விடை தருகிறது. வண்டியை நிறுத்திச் சோதித்தபோது, தடை செய்யப்பட்ட பொருள் வெள்ளையரிடம் அகப்பட்ட அளவுக்குக் கூடக் கறுப்பினத்தாரிடம் அகப்படவில்லை. ஆயினும் சோதனைக்கு ஆளானவர்கள் அவர்களே மிகுதி. பந்தாடிக் களைத்து, நிறுத்தி வைத்த வண்டியிலே அமர்ந்து இளைப்பாறிய ஒருவர்மீது எட்டுக் குற்றங்கள் சாட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று, தன் பெயரைச் சுருக்கிச் சொன்னது. இன்னொன்று, ஓடாத வண்டியிலே இருக்கை வார் அணியாதது! அந்த வழக்கால் தம் வேலையையே இழந்தார் அவர்.

இன்னொரு கதை கேளுங்கள். 2007ஆம் ஆண்டு ஒரு பெண் தன் காரை நிறுத்தக்கூடாத இடத்திலே நிறுத்தினார். இரண்டு சீட்டுகள், 151 டாலரும் கட்டணமும் விதிக்கப்பட்டன. வறியவர், தங்க வீடின்றிச் சில காலம் அலைந்தவர். குறித்த நாளிலே வரவில்லை, குறித்த தொகையைக் கட்டவில்லை என்று ஏழுமுறை குற்றம் சாட்டினர். ஒவ்வொரு முறையும் புதிய பிடியாணை, புதிய அபராதம், புதிய கட்டணம். இருமுறை கைதானார், ஆறு நாள் சிறையிலிருந்தார். 25 டாலர், 50 டாலர் என்று தம்மால் இயன்றதைக் கட்ட முற்பட்டார். முழுத் தொகையன்று எனத் திருப்பியனுப்பியது மன்றம். 2014 டிசம்பர்க்குள் அவர் கட்டியது 550 டாலர். இன்னும் கட்ட வேண்டியது 541 டாலர்! வட்டிக்கடைக்காரன்கூடக் கூசும் கணக்கு இது. அதனை நீதி என்று பெயரிட்டு, நீதிமன்றத்து ஏட்டிலே எழுதி வைத்தனர்.

இதற்குச் சட்டம் இடந்தந்ததா? இல்லை. 1971ஆம் ஆண்டிலேயே அமெரிக்க உச்சநீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்துவிட்டது. டெக்சாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரிலே ஒரு மனிதன்மீது போக்குவரத்துக் குற்றங்களுக்காக 425 டாலர் அபராதம். கட்ட வழியில்லை. நாளொன்றுக்கு 5 டாலராகக் கழித்து 85 நாள் சிறைப் பண்ணையிலே கிட என்றனர். அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றத்தை, கையிலே பணமில்லை என்பதற்காகவே சிறைத்தண்டனையாக மாற்றுவது சமன்மைக்குப் பகை என்றது உச்சநீதிமன்றம். கட்ட இயலாதவனா, கட்ட மறுப்பவனா என்று விசாரித்த பின்னரே எதுவும் செய்யலாம் என்று 1983இல் மீண்டும் வலியுறுத்தியது. தலைநகரிலே தீர்ப்பு ஒலித்தது. சிற்றூர் மன்றத்தின் செவியில் அது விழவில்லை. 2014 முடிவிலே அந்தச் சிறு மன்றத்தின் பிடியாணை நிலுவையில் இருந்தவர் தொகை 16,000க்கும் மேல்!

இங்கே ஒரு வினா எழுகிறது. எல்லார்க்கும் ஒரே தொகை விதிப்பதுதானே சமத்துவம்? செல்வனுக்கும் 150 டாலர், ஏழைக்கும் 150 டாலர். இதிலே குறை என்ன? பார்வைக்கு இது சமம். பளுவிலே சமமா? யானையின்மீது ஒரு மூட்டை, எறும்பின்மீதும் ஒரு மூட்டை. மூட்டை ஒன்றே, ஆகவே நீதி ஒன்றே என்று எவரேனும் வாதிடுவரோ? செல்வனுக்கு அந்தத் தொகை, விரைந்து செல்வதற்குரிய விலை. ஏழைக்கோ அது வீட்டு வாடகை, குழந்தையின் பால், மருந்துச் செலவு. விலை கொடுத்து மீறக்கூடிய விதி, செல்வனைத் திருத்தாது; ஏழையை நசுக்கும்.

பின்லாந்து நாட்டார் இதனை 1921ஆம் ஆண்டிலேயே உணர்ந்தனர். குற்றத்தின் கடுமைக்கேற்ப இத்தனை நாள் என்றும், அவனவன் வருமானத்துக்கேற்ப நாளொன்றுக்கு இவ்வளவு என்றும் அபராதத்தைக் கணக்கிடும் முறையைக் கண்டனர். 2023ஆம் ஆண்டு, அந்நாட்டைச் சேர்ந்த ஆலந்துத் தீவுகளில், மணிக்கு 50 கிலோமீட்டரே செல்லத்தக்க சாலையில் 82 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற செல்வர் ஒருவருக்கு விதிக்கப்பட்டது 1,21,000 யூரோ. அவர்க்கும் வலித்திருக்கும், வலிப்பதற்காகத்தானே தண்டம்!

ஒரே தொகை என்பதாவது உண்மையா என்றால், அதுவும் பொய். பெர்குசனிலே, ஏழையின் சீட்டு ஏழாண்டு துரத்திற்று. நகர அதிகாரிகள், மன்றத்தார், அவர்தம் உற்றார் நண்பர் ஆகியோரின் சீட்டுகளோ ஓசையின்றி மறைந்தன என்று அதே அறிக்கை கூறுகிறது. பிலடெல்பியா நகரிலே போக்குவரத்துக் குற்றத்துக்கென்றே தனி மன்றம் இருந்தது. அங்கேயும் வேண்டியவர் சீட்டுக்குச் சலுகை என்ற வழக்கம் வேரோடியிருந்தமை வெளிப்பட்டு, 2013இல் மன்றத்தின் பணியே பிறிதொரு மன்றத்துக்கு மாற்றப்பட்டது. 2016இல் வாக்காளர்கள் மாநில அரசியல் சட்டத்திலிருந்தே அதனை நீக்கினர்.

தமிழர் நாம் இதனைப் படிக்கும்போது, தேர்க்காலில் சிக்கிய கன்றின் கதை நினைவுக்கு வாராதிருக்குமோ? கதை என்றே கொள்வோம். ஆயினும் அந்தக் கதை சாலைக் குற்றத்தைப் பற்றியதன்றோ! தேரோட்டியவன் வேந்தன் மகன். முறையிட்டதோ வாயில்லாப் பசு. மகன் என்று பாராமல் தண்டித்தான் மனுநீதிச் சோழன் என்பது கதை. சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே அவன் சிலையை நிறுத்தியிருக்கிறோம். தண்டனையின் கொடுமையை நாம் போற்றவில்லை. வேண்டியவன் என்பதற்காக வழக்கு மறையக்கூடாது என்னும் கருத்தையும், எவரும் எட்டி இழுக்கத்தக்க இடத்திலே தொங்கிய அந்த மணியையும் போற்றுகிறோம்.

அந்த மணிதான் இன்று வழக்கேடு. பெர்குசனின் கொடுமையை அம்பலப்படுத்தியது எது? 35,000 பக்கங்களுக்கு மேற்பட்ட காவல்துறைப் பதிவேடுகள், ஆயிரக்கணக்கான மின்னஞ்சல்கள், மன்றத்தின் சொந்தக் கணக்குகள். தவறு செய்தவர்களே தம் கைப்பட எழுதி வைத்திருந்தனர். திறந்து பார்ப்பார்தான் இல்லாதிருந்தனர்! சீட்டுப் பெற்றவனுக்கோ, தன் வழக்கின் நிலையை அறிவதே அரிதாயிருந்தது. எவ்வளவு கட்டுவது, எங்கே கட்டுவது, நேரில் வர வேண்டுமா என்பன தெளிவாகச் சொல்லப்படவில்லை. சில சீட்டுகளிலே மன்ற நாளே பிழையாக இருந்தது. செயின்ட் லூயிஸ் வட்டாரத்திலே அன்று ஏறத்தாழ 80 ஊர் மன்றங்கள். சில நிமிடப் பயணத்திலே மூன்று ஊர் எல்லையைக் கடப்பவன், எந்த மன்றத்தின் ஏட்டிலே தன் பெயர் இருக்கிறது என்று எங்கே போய்த் தேடுவான்? ஓர் ஊர்ச் சிறையிலிருந்து விடுபட்டவனை அடுத்த ஊர்க் காவலர் அழைத்துச் சென்றதும் உண்டு.

ஆகவே, அறிவே முதற் காப்பு. சீட்டைக் கசக்கி எறிவது வீரமன்று. அஞ்சி ஒளிவது வழியுமன்று. எந்த மன்றம், எந்த நாள், எந்தப் பிரிவு என்பதைப் படித்தறிய வேண்டும். சீட்டிலுள்ள எண்ணைக் கொண்டு மன்றத்து எழுத்தரிடமோ, மாநில நீதித்துறையின் இணைய ஏட்டிலோ வழக்கின் நிலையைத் தேட வேண்டும். பணத்தைக் கட்டுவது பெரும்பாலும் குற்றத்தை ஒப்புவதாகும் என்பதை உணர்ந்தே கட்ட வேண்டும். ஒப்பாதவன் மறுத்து விசாரணை கேட்கலாம். இயலாதவன் தவணை கேட்கலாம். எதுவாயினும், குறித்த நாளைத் தவறவிடலாகாது. அற்பக் குற்றம் பிடியாணையாக மாறுவது அந்த ஒரு நாளிலேதான்.

ஏடு திறந்திருந்தால் ஏழையின் சிறு பிழையும் ஊரறியுமே, வேலை கொடுப்பவனும் வீடு கொடுப்பவனும் அதைக் காட்டி விரட்டுவரே என்பார் சிலர். ஞாயமான அச்சம். அமெரிக்காவிலே அத்தகைய பதிவுகளைத் திரட்டி விற்பதே ஒரு வாணிபமாயிருக்கிறது. நாம் சொல்வது இது: அரசு என்ன செய்தது, எவ்வளவு தண்டியது, யாரை மறித்தது, யாரை விடுத்தது என்ற கணக்கு எல்லார்க்கும் திறந்திருக்கட்டும். தனி மனிதனின் வழக்கு அவனுக்குத் தடையின்றித் திறக்கட்டும். தண்டம் தீர்ந்தபின் அவன் பெயர் சந்தைச் சரக்காகாதிருக்கட்டும். ஏடு ஆள்வோரைக் காட்டும் கண்ணாடியாக இருத்தல் வேண்டும்; ஆளப்படுவோர் முதுகிலே குத்திய முத்திரையாகிவிடலாகாது.

ஏடு திறந்தபின் மாறுதல் வந்தது. 2015ஆம் ஆண்டிலே மிசௌரிச் சட்டமன்றம், போக்குவரத்து அபராதத்தால் ஊர்கள் ஈட்டும் வருவாய்க்கு இருந்த 30 விழுக்காடு என்னும் உச்சவரம்பைக் குறைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பெர்குசனின் புதிய நீதிபதி, 2014 டிசம்பர் 31க்கு முன் பிறப்பிக்கப்பட்ட பிடியாணைகளைத் திரும்பப் பெற ஆணையிட்டார். ஆயிரக்கணக்கானோர், காவலர் வண்டியைக் கண்டால் தெரு மாறி நடக்கும் அவலத்திலிருந்து மீண்டனர். காலம் தாழ்ந்த நீதிதான். ஆயினும் மக்கள் கேட்டதால் வந்த நீதி.

எந்த நாடாயினும், எந்த ஊராயினும், சாலையோரச் சீட்டின் ஒரு புறத்திலே குற்றம் எழுதப்படுகிறது. மறுபுறத்திலே, எவர் கண்ணுக்கும் தெரியாமல், அரசின் ஒழுக்கம் எழுதப்படுகிறது. முதற்பக்கத்தைக் காவலர் படிக்கிறார். மறுபக்கத்தைப் படிக்க வேண்டியவர்கள் மக்கள். தண்டமா, தண்டலா என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். கேட்பவர் இருக்கும் வரையில்தான், நீதிபதியின் நாற்காலி நீதிபதியின் நாற்காலியாக இருக்கும்.