கதவோரத்து ரப்பர்

பிளக்கைக் கழற்றியாகிவிட்டது. குழாயும் மூடியிருக்கிறது. டிஷ்வாஷரின் கதவு தரையை நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது.

உள்ளே வெதுவெதுப்பு. சோப்பு வாசனை. அதற்கு அடியில் புளி, கொஞ்சம் எண்ணெய்.

தொட்டியின் வாயைச் சுற்றி மூன்று பக்கமும் ஓடும் ரப்பர். விரலால் அழுத்துகிறேன். அமுங்குகிறது. பாதிதான் எழுகிறது.

கீழ் மூலையில் மயிரிழை வெடிப்பு. அந்த மூலைக்கு நேர் கீழே, தரை ஓட்டில் ஈரத்தின் தடம்.

60 டிகிரி வெந்நீர். சோப்புக் காரம். மீண்டும் வெந்நீர். ரப்பர் இறுகுவதை யாரும் பார்ப்பதில்லை.

பசை போட்டு ஒட்டியதில்லை. பள்ளத்தில் செருகியது. முனையைப் பிடித்து இழுத்தால் வந்துகொண்டே இருக்கிறது.

பள்ளத்தில் கறுப்பு வழவழப்பு. நடுவே ஒரு கடுகு. வெடிக்காத கடுகு.

பழைய டூத் பிரஷ். ஈரத் துணி. உலர்ந்த துணி. மூலைகளில் கை தானாகவே மெதுவாகிறது.

மூச்சு கேட்கிறது.

புதிய ரப்பர் வெந்நீரில் கிடக்கிறது. பெட்டிக்குள் மடிந்திருந்த இடங்கள் ஒவ்வொன்றாக நிமிர்கின்றன.

அவசரமில்லை.

கீழே சுழலும் கையைக் கழற்றி மடியில் வைக்கிறேன். இதற்கென்று மோட்டார் இல்லை. துளைகள் சாய்வாக இருக்கின்றன. தண்ணீர் ஒரு பக்கம் பீறிட, கை எதிர்ப்பக்கம் திரும்புகிறது. அவ்வளவுதான்.

பாதித் துளைகளில் வெள்ளை. போர் தண்ணீரின் சுண்ணாம்பு. வினிகரில் வைத்ததும் பொடிப்பொடியாக நுரைக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நடுவிலுள்ள பிளாஸ்டிக் வளையம் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது. எந்தப் பக்கம் சாய்ந்தபடி சுற்றியது என்று அதைப் பார்த்தாலே தெரிகிறது. புதியதைத் திருகுகிறேன். விரலால் தட்டினால் கை ஆடாமல் சுற்றுகிறது.

எஃகுத் தொட்டியில் ஒரு கீறல்கூட இல்லை. தேய்ந்தவை எல்லாம் மெத்தென்றவை. வளைந்து கொடுத்தவை.

சாம்பலும் தேங்காய் நாரும் பிடித்த கைகள் ஞாபகம் வருகின்றன. ரேகை மழுங்கிய விரல்கள். ஞாபகம் கொஞ்ச நேரம் நிற்கிறது. போகிறது.

1886. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம், ஷெல்பிவில் ஊர். ஜோசஃபின் காக்ரன் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெறுகிறார். தட்டுக்குத் தகுந்த கம்பி அறைகள். அவற்றின் மேல் பீய்ச்சும் தண்ணீர். பீங்கான் விளிம்பு உடையக் கூடாது என்பது அவர் கவலை.

கம்பி அறைகள் இன்னும் அப்படியே. ஒன்றின் நுனியில் பூச்சு உரிந்து துரு. தொட்டால் விரலில் செம்மை.

உப்புக் கிண்ணத்தின் மூடியைத் திறக்கிறேன். உள்ளே எங்கோ, கண்ணுக்குப் படாத இடத்தில், சிறுசிறு பிசின் மணிகள். தண்ணீரின் கால்சியத்தைப் பிடித்து வைக்கின்றன. உப்புக் கரைசல் வந்ததும் விட்டுவிடுகின்றன. பிடிப்பது. விடுவது.

கல்லுப்பு போன்ற பெரிய பரல்கள், இதற்கென்றே விற்பவை. சரியும் சத்தம் நன்றாக இருக்கிறது.

இனி ரப்பர். மேல் நடுவில் முதல் அழுத்தம். பிறகு இடம். பிறகு வலம். இழுத்துப் பொருத்தக் கூடாது. இழுத்த ரப்பர் பிறகு தன் நீளத்துக்கே திரும்பி, மூலையில் சந்து விடும்.

கட்டைவிரல். ஒரு அங்குலம். கட்டைவிரல். ஒரு அங்குலம்.

வெளியே இஸ்திரி வண்டியின் மணி. நெருங்குகிறது. தூரமாகிறது.

கடைசி முனை பள்ளத்துக்குள் இறங்குகிறது.

ரப்பர் புதிது, விறைப்பாக இருக்கிறது. கதவை இடுப்பால் தள்ளித்தான் மூட வேண்டியிருக்கிறது. சில நாள் கழுவினால் தொட்டியின் வாய்க்குப் பழகும்.

மேல் கூடையின் சக்கரம் ஒன்றும் ஆடுகிறது. கடையில் அந்த அளவு இல்லை. வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன்.