காத்திருந்து புறப்பட்டவர்

வேலையைத் துறந்து, வீட்டைக் காலி செய்து, இனி யாத்திரையே வாழ்க்கை என்று கிளம்புவோர் இன்று பெருகி வருகின்றனர். எல்லாவற்றையும் விட்டுச் சென்றால் மனம் புதுப்பிறவி எடுக்கும் என்பது அவர்களது நம்பிக்கை. நம்பிக்கை தவறன்று. ஆனால் எதை விட்டுச் செல்கிறோம், எப்போது செல்கிறோம் என்பதைப் பொறுத்தே அது பலிக்கும்.

பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் எல்லையைக் கடந்தால், தென்மலையின் அடிவாரத்தில், பனைகளும் நெல்வயல்களும் சூழக் கொல்லங்கோடு வரும். அங்கிருந்து நென்மாறை வழியே மேற்கே சென்றால் முடப்பல்லூர். 1889-இல் அவ்வூரில் பிறந்த சுப்பிரமணியன் என்ற சிப்புக்குட்டியே பின்னாளில் சுவாமி தபோவன மகராஜ் எனப் போற்றப்பட்டவர்.

பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு, சம்ஸ்கிருதத்திலும் வேதாந்தத்திலும் மூழ்கிய இளைஞர் அவர். கோபால கிருஷ்ண கோகலேயின் நினைவாக ஒரு மாத இதழையும் நடத்தினார். உள்ளமோ இளமையிலேயே இமயத்தை நாடியது. எனினும் அவர் உடனே கிளம்பிவிடவில்லை. தந்தையின் மறைவுக்குப் பின் குடும்பப் பொறுப்பு அவரைச் சேர்ந்தது. தம்பி படித்து வழக்கறிஞராகித் தன் காலில் நிற்கும்வரை காத்திருந்தார். வைராக்கியம் குறைந்தவர் அல்லர் அவர். வைராக்கியம் முதிர்ந்தவரால்தான் அவ்வாறு காத்திருக்கவும் முடியும். அரைகுறை வைராக்கியம் இரவோடு இரவாக ஓடிவிடும். சில மாதங்களில் திரும்பியும் வந்துவிடும்.

கொல்லங்கோட்டிலேயே மற்றொரு யாத்திரிகரும் வாழ்ந்தார். மகாகவி பி. குஞ்ஞிராமன் நாயர் அவ்வூர்ப் பள்ளியில் மலையாள ஆசிரியராக இருந்து 1961-இல் ஓய்வு பெற்றவர். ஆலயங்களையும் திருவிழாக்களையும் இயற்கையையும் தேடி வாழ்நாளெல்லாம் அலைந்தார். 1978 மே மாதம் திருவனந்தபுரத்தில் ஒரு சத்திரத்தில் அவர் உயிர் பிரிந்தது. அந்த அலைச்சலால் மலையாளத்திற்கு உயர்ந்த கவிதைகள் கிடைத்தன. ஆனால் உற்றாருக்குச் செய்யத் தவறியவை அவரது நெஞ்சைவிட்டு அகலவில்லை. அவருடைய தன்வரலாற்றில் அந்த வேதனை வெளிப்படையாகவே தெரிகிறது. அவரைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. தீர்க்காத கடமையும் யாத்திரிகனுடன் கூடவே நடந்துவரும் என்பதை அவரே ஒளிக்காமல் காட்டிச் சென்றார்.

தபோவன சுவாமிகளை அவ்வாறு பின்தொடர ஏதுமில்லை. ரிஷிகேசத்துக் கைலாச ஆசிரமத்தின் ஜனார்த்தன கிரி சுவாமிகளிடம் முறைப்படி சந்நியாசம் ஏற்று, இமயத்தின் கடினமான பாதைகளில் கால்நடையாகவே சஞ்சரித்தார். கயிலாயத்தையும் மானசரோவரையும் தரிசித்தார். ‘ஹிமகிரி விஹாரம்’, ‘கைலாச யாத்ரா’ என்னும் மலையாள நூல்கள் அவ்வனுபவங்களின் பயன். பனிச்சிகரத்தின் அழகில் அவர் கண்டது பரம்பொருளின் அழகையே. ஆதலால் அவருக்கு இயற்கையைக் காண்பதும் தியானமும் வெவ்வேறாக இல்லை.

கிராமத்தில் ஓர் இரவு, நகரத்தில் ஐந்து இரவு, மழைக்காலத்தில் மட்டும் ஓரிடத்தில் தங்குதல் என்று பரிவ்ராஜகர்களுக்குச் சாஸ்திரம் விதித்தது. ஓரிடத்தின் மீதும் பற்று வேர்விடக் கூடாது என்பதே அதன் கருத்து. ஊர் மாற்றுவதையே பற்றாக்கிக் கொள்பவனுக்கு இந்த விதியால் பயனில்லை. சுவாமிகளோ நடந்தபோதும் இருந்தபோதும் ஒரே நிலையில் இருந்தார். பிற்காலத்தில் உத்தரகாசியில் ஒரு சிறு குடிலே அவருக்குப் போதுமானதாயிற்று. மடம் எதையும் நிறுவ அவர் விரும்பவில்லை.

அக்குடிலில் அவரிடம் வேதாந்தம் பயின்றவர்களில் ஒருவர் சுவாமி சின்மயானந்தர். குரு இமயத்திலேயே தங்க, சீடர் கங்கையைப்போல் சமவெளிக்கு இறங்கினார். 1951 டிசம்பரில் புணேயில் தம் முதல் ஞான யக்ஞத்தைத் தொடங்கியவர், அதன்பின் ஊர் ஊராகப் பயணம் செய்தவண்ணமே இருந்தார். 1957 ஜனவரி 16, பௌர்ணமி நாளில், தபோவன சுவாமிகள் உத்தரகாசியில் மகாசமாதி அடைந்தார்.