ஒரிஜினலா சார்?

பழைய பைக்கை விலைக்குக் கேட்டு வருகிறவர்கள் மைலேஜ் எவ்வளவு என்று கேட்பதில்லை. அது புது வண்டிக்கான கேள்வி. பழசுக்கு, அதுவும் பழைய ஜாவாவுக்கு, ஒரே கேள்விதான்: ‘‘ஒரிஜினலா சார்?’’

போன வருஷம் இதை என்னிடம் ஒரு இளைஞர் கேட்டார். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்தானே என்பீர்கள். எதைச் சொன்னாலும் பாதி பொய்யாக இருக்கும் போலிருந்தது. அந்தச் சங்கடத்தை உங்கள் தலையிலும் கொஞ்சம் இறக்கிவைக்கலாம் என்றுதான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் வண்டி. 1968 மாடல் ஜாவா 250. அப்பா 1974-ல் அடையாறு காந்தி நகரில் ஒருவரிடம் செகண்ட் ஹாண்டில் வாங்கியது. அரக்குச் சிவப்பு. யானெச்செக் என்கிற செக்கோஸ்லோவாக்கியாக்காரர் 1929-ல் வாண்டரர் என்ற ஜெர்மன் கம்பெனியின் மோட்டார் சைக்கிள் உரிமையை வாங்கினார். தன் பெயரின் தலையையும் அதன் பெயரின் தலையையும் ஒட்டவைத்து ‘ஜாவா’ என்று பெயர் வைத்தார். நம் ஊருக்கு அறுபதுகளின் தொடக்கத்தில் மைசூர் வழியாக வந்தது. எழுபதுகளில் லைசென்ஸ் முடிந்து யெஸ்டி ஆனது. 1996-ல் மைசூர் தொழிற்சாலையையும் மூடிவிட்டார்கள். அதற்கு முன்பே, 1993-ல், செக்கோஸ்லோவாக்கியாவே இரண்டாகப் பிரிந்துபோனது. ஆக, பெற்ற நாடும் இல்லை, வளர்த்த தொழிற்சாலையும் இல்லை. 2018-ல் அதே பெயரில் புது வண்டி வந்தது. அதைப் பற்றி எங்கள் மெக்கானிக் பாயிடம் மட்டும் பேச்செடுக்கக் கூடாது.

ஓட்டியவர்களுக்குத் தெரியும், அது ஒரு விசித்திர வண்டி. கியர் போடுகிற லீவர்தான் கிக்கரும். உள்ளே அழுத்தி மேலே திருப்பினால் உதைக்கலாம். கீழே இறக்கினால் கியர். சாவி என்று பெயர்தான், பார்க்க ஆணி மாதிரி இருக்கும். ஒரு ஜாவாவின் சாவி இன்னொரு ஜாவாவுக்கும் சேரும். ‘‘சாவி வச்சிருக்கிறவன் ஓனர் இல்லடா, உதைச்சு ஸ்டார்ட் பண்ணத் தெரிஞ்சவன்தான் ஓனர்’’ என்பார் அப்பா. தீபாவளிக்கு முந்தின வாரம் சித்திரக்குளத்திலிருந்து பனகல் பார்க் வரை, டேங்க் மேல் நான், பின்னால் அம்மா, அம்மா மடியில் தங்கை. திரும்பும்போது கூடவே துணிப் பைகளும். இன்றைக்கு அப்படிப் போனால் முதல் சிக்னலிலேயே ஓரம் கட்டுவார்கள்.

வைத்திருப்பது ஒரு விஷயம், பராமரிப்பது வேறு விஷயம். டூ ஸ்ட்ரோக் என்பதால் பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்ற வேண்டும். கூடினால் புகையும், குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சைலன்சரில் கரி சேரும். கழற்றிச் சுரண்ட வேண்டும். பாயிண்ட் தேய்க்க வேண்டும். சிலிண்டர் தேய்ந்தால் போர் பண்ணி, மயிரிழை அகலப்படுத்தி, அதற்குத் தகுந்த பெரிய பிஸ்டன் போட வேண்டும். சில தடவைக்கு மேல் சிலிண்டரில் சதை இருக்காது. அப்புறம் புது ஸ்லீவ் இறக்க வேண்டும். இதையெல்லாம் மீர்சாகிப்பேட்டை சந்தில் பாய்தான் செய்தார். முதலில் அவருடைய வாப்பா, பிறகு அவர். பார்ட்ஸ் இல்லையென்றால் புதுப்பேட்டை. ஆதித்தனார் சாலையை ஒட்டிய சந்துகளில் இந்தியாவில் ஓடி ஓய்ந்த அத்தனை வண்டிகளின் கை கால்களும் கிடைக்கும்.

இப்படி ஐம்பது வருஷம் ஓடியதில் வண்டியில் என்னதான் மிச்சம்? டேங்க் துருப்பிடித்து ஓட்டையானதால் யெஸ்டி டேங்க் ஒன்றை வாங்கி அதே சிவப்பு அடித்தோம். கார்ப்பரேட்டர், கிராங்க், இரண்டு சக்கரம், முன் ஃபோர்க், மட்கார்டு, சீட், ஒயரிங் எல்லாமே மாறியாயிற்று. சேஸிஸும் அதில் அடித்த நம்பரும், எஞ்சின் கூடும் அதில் அடித்த நம்பரும்தான் 1968. ஆர்.சி. புத்தகத்தைப் பொறுத்தவரை அது போதும். நம்பர் சரியாக இருந்தால் அதே வண்டிதான்.

கிரேக்கர்களுக்கும் இந்தத் தலைவலி இருந்திருக்கிறது. தீசியஸ் என்ற வீரனின் கப்பலை ஏதென்ஸ் மக்கள் நினைவாகப் பாதுகாத்தார்கள். மக்கிய பலகையை எடுத்துவிட்டுப் புதுப் பலகை போட்டுக்கொண்டே வந்தார்கள். இது அதே கப்பலா என்று தத்துவவாதிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டதை புளூடார்க் எழுதி வைத்திருக்கிறார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் என்ற ஆங்கிலேயர் அதில் இன்னொரு குண்டைப் போட்டார். கழற்றிப்போட்ட பழைய பலகைகளை ஒருவன் பொறுக்கிச் சேர்த்து, அதே வரிசையில் இன்னொரு கப்பல் கட்டினால்? இரண்டில் எது தீசியஸின் கப்பல்? ஹாப்ஸ் புதுப்பேட்டையைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் புத்தகமே எழுதியிருப்பார்.

நம்மூரில் யாரும் இதற்காகச் சண்டை போடுவதில்லை. சம்பந்தர் பாடிய கபாலீஸ்வரர் கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்ச்சுகீசியர் காலத்தில் அது அழிந்தது, இன்றைய கோயில் பிற்பாடு கட்டியது என்றுதான் சரித்திரம் தெரிந்தவர்கள் பலரும் சொல்கிறார்கள். பங்குனி உற்சவத்தில் தேர் இழுக்கிற யாராவது ‘இது அந்தக் கோயில் இல்லையே’ என்று வடத்தைக் கீழே போட்டதுண்டா?

என்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்தபோது இங்கிலாந்தின் ரெட்டிச்சிலிருந்து பெட்டியில் பாகங்கள் வரும். இங்கே பூட்டுவார்கள். பிறகு ஒவ்வொரு பாகமாகத் திருவொற்றியூரிலேயே செய்ய ஆரம்பித்தார்கள். 1970-ல் இங்கிலாந்துக் கம்பெனி அடங்கிவிட்டது. 1977-ல் இங்கே செய்த புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. பலகை மாற்றின கப்பல் பழைய துறைமுகத்துக்கே போய் நின்ற மாதிரி. அதைப் போலி என்று யாரும் சொல்லவில்லை.

அந்த இளைஞர் வந்தபோது இத்தனையும் என் கையில் தயாராக இருந்தது. அதுதான் வினை.

ஏன் விற்க வேண்டும் என்கிறீர்களா? என் முழங்கால் உதைக்க மாட்டேன் என்கிறது. பெட்ரோலில் எத்தனால் இருபது சதவீதம் என்று ஆனதிலிருந்து பழைய ரப்பர் டியூபும் சீலும் ஊறி ஊறிப் போகின்றன. பையன் வெளிநாட்டில், அவனுக்கு அது தாத்தா வண்டி, போட்டோவில் இருந்தால் போதும். வந்தவரோ அடையாறுக்காரர், முப்பது வயதுக்குள், வண்டியைத் தொடுவதற்கு முன் கையைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பிடித்துப்போயிற்று.

‘‘எல்லாம் ஒரிஜினலா அங்கிள்?’’

‘‘1974-லேர்ந்து எங்க வீட்டு வண்டி தம்பி. ஒரே மெக்கானிக் குடும்பம்தான் கை வச்சிருக்கு. நம்பரை நீங்களே பாருங்க.’’

ஒரு வார்த்தை பொய் இருக்கிறதா சொல்லுங்கள்? அவர் குனிந்து நம்பரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. டேங்க்கைத் தடவிக்கொடுத்தார், அந்த யெஸ்டி டேங்க்கை. பத்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, போகிறபோக்கில் சொன்னார்: ‘‘வின்டேஜ்ல ரிஜிஸ்டர் பண்ணலாம்னு இருக்கேன் அங்கிள்.’’

2021-ல் வந்த விதி அது. முதல் பதிவிலிருந்து ஐம்பது வருஷம் தாண்டிய வண்டி, அசல் உருவத்தில் இருந்து, சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாமல் இருந்தால் வின்டேஜ் என்று பதியலாம். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது நான் இல்லை. என் வார்த்தையை நம்பி அந்தப் பையன் போடுவான்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. தீசியஸ், கபாலி, ரெட்டிச் என்று எல்லோரையும் சாட்சிக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். வந்தார்கள், எனக்குச் சாதகமாகவே பேசினார்கள். ஆனால் அவர்களுக்கு எதையும் விற்க வேண்டியதில்லையே! ஏதென்ஸ்காரன் கப்பலை விலை பேசவில்லை. தேர் இழுக்கிறவன் கோயிலை யார் தலையிலும் கட்டப்போவதில்லை. ‘அதே வண்டிதான்’ என்று நான் எனக்குச் சொல்லிக்கொள்ளும்போது அது பாசம். பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னால் அதற்குப் பெயர் வேறு. அவர் கேட்டது தத்துவம் இல்லை, டேங்க். உங்களுக்கும் இப்படி ஒரு உண்மை கை கொடுத்திருக்கும், யோசித்துப் பாருங்கள். ‘ஆக்ஸிடென்ட் ஆனதே இல்லை’ என்று காரை விற்கும்போது, ‘மழைத் தண்ணி ரோட்டோட சரி’ என்று வேளச்சேரியில் வீட்டைக் காட்டும்போது.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. அப்பாவுக்கு விற்ற காந்தி நகர்க்காரர், பணம் வாங்குவதற்கு முன், ‘‘செகண்ட் கியர் சில சமயம் விழும் சார், தெரிஞ்சு வாங்கிக்குங்க’’ என்றாராம். அப்பா அதை ஒரு வேடிக்கை மாதிரிதான் சொல்வார். ஆனால் முப்பது வருஷம் சொன்னார்.

காலையில் பாயிடம் போனேன். அவர் ஒரு ஸ்கூட்டரின் அடியில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் வெளியே வராமலே பேசினார்: ‘‘உங்களுக்கு அது அதே வண்டி சார். நீங்க கூடவே இருந்தீங்க. அவரு இன்னிக்குத்தானே வராரு? அவருக்கு எல்லாமே புதுசு. சொல்லிடுங்க.’’

இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதினோம். மாற்றியது பதினேழு. வருஷம் எனக்கு ஞாபகம் இருந்தது, பார்ட் அவருக்கு. பட்டியலைப் பையனிடம் கொடுத்து அட்வான்ஸையும் மேலே வைத்தேன். அவர் முகம் சுருங்கியது. நேற்றே சொல்லியிருக்கலாமே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இரண்டு நாள் போன் இல்லை. மூன்றாம் நாள் வந்தது. விலையில் நாற்பதாயிரம் குறைக்கச் சொன்னார். வின்டேஜ் யோசனையை விட்டுவிட்டாராம். சரி என்றேன்.

‘‘அங்கிள், கழட்டின பழைய பார்ட்ஸ் எதாச்சும் இருக்குமா?’’

எனக்கு அப்படி ஒரு கேள்வி ஐம்பது வருஷத்தில் தோன்றியதே இல்லை. பாயிடம் கேட்டேன். பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு சாக்கு மூட்டையை இழுத்தார். செக்கோஸ்லோவாக்கியா என்று பொறித்த கார்ப்பரேட்டர், ஒரு கிராங்க், நசுங்கிய ஹெட்லைட் வளையம். முக்கால்வாசி புதுப்பேட்டைக்குப் போய்விட்டது, இது மட்டும் வாப்பா விற்க வேண்டாம் என்றாராம்.

வண்டி அடையாறு போய்விட்டது. மூட்டை இன்னும் பெஞ்சுக்கு அடியில்தான் இருக்கிறது. விலை கேட்டு என்னிடம் வந்த பையனை பாயிடமே அனுப்பிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றாராம்.