ஆளிட்டுச் செய்யலாகாத கடமை

மாறனேரி நம்பிக்குப் பெரிய நம்பிகள் சரமகைங்கர்யம் செய்தருளிய வ்ருத்தாந்தம் நம் வாசகர்கள் அறியாததன்று. ஆளவந்தார் திருவடிகளை ஆச்ரயித்தவர் மாறனேரி நம்பி. ஆசார்யருடைய ராஜபிளவை நோயைத் தமக்கு ப்ரஸாதமாகத் தரவேண்டுமென்று கேட்டுப் பெற்றவர். உலகம் தாழ்ந்ததென்று ஒதுக்கிய குலத்திலே பிறந்தவர். தாம் பரமபதித்த பின் தம் சரீரம் பகவத்ஸம்பந்தமில்லாத உறவினர் கையில் படலாகாது என்று அவர் விண்ணப்பித்திருந்தார். அந்தணரான பெரிய நம்பிகள் அதைத் தலைக்கொண்டு தாமே ஸம்ஸ்காரம் செய்து முடித்தார். ஊரார் வெகுண்டனர், செய்தி எம்பெருமானார் செவிக்கு எட்டியது.

எம்பெருமானார் தம் ஆசார்யரிடம் சென்று, ஊர் மரியாதைக்கு நாம் வேலியிட்டு வருகையில் தேவரீரே அதை அறுக்கலாமோ, வேறொருவரைக் கொண்டு செய்வித்திருக்கலாகாதோ என்ற கருத்துப்பட விண்ணப்பித்ததாகப் பெரியோர் கூறுவர். நம்பிகளின் விடை மூன்று கூறாக வருகிறது. அந்தி தொழுவதற்கு ஒருவன் கூலிக்கு ஆள் வைப்பதுண்டோ என்றார். பெரியவுடையாராகிய ஜடாயுவுக்குப் பெருமாளும், விதுரருக்குத் தர்மபுத்ரரும் செய்ததைக் காட்டி, அவர்களைவிட நாம் உயர்ந்தோமோ, இவர் தாழ்ந்தாரோ என்றார். ‘பயிலும் சுடரொளி’, ‘நெடுமாற்கடிமை’ என்னும் இரு திருவாய்மொழிகளிலும் ஆழ்வார் அருளியது வெறும் கடலோசையோ என்றும் கேட்டார்.

காலக்ஷேபங்களில் பெரும்பாலும் விரித்துரைக்கப்படுவன பின்னிரண்டும்தான். முதலாவது ஒரு பழமொழியளவில் சிரிப்போடு கடந்துபோகிறது. ஆனால் வாதத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நமக்குத் தோன்றுகிறது. ஸந்த்யாவந்தனம் நித்யகர்மம். மீமாம்ஸகர் கர்மங்களை வகுக்கும்போது, பலனை விரும்புவோர்க்குரிய காம்யத்தையும், விருப்பு வெறுப்பின்றி எவரும் செய்தேயாக வேண்டிய நித்யத்தையும் வேறு பிரிக்கின்றனர். காம்யத்தை விட்டவனுக்குப் பலன் இல்லை, அவ்வளவே. நித்யத்தை விட்டவனுக்குப் பாபம் சேரும். அந்தி தொழுதவரை ஊர்கூடிப் பாராட்டுவதில்லை. தொழாதவரையே கேள்வி கேட்பர். அடியார் ஒருவருடைய உடலை எடுத்ததைப் பெரிய நம்பிகள் அந்த வரிசையில் வைத்துப் பேசினார். தாம் செய்ததை அற்புதமென்றோ துணிவென்றோ அவர் கருதவில்லை. நாமோ பல நூற்றாண்டுகளாக அதை அற்புதமென்றே கொண்டாடி வருகிறோம்.

இந்தக் கொண்டாட்டத்தில் ஓர் ஆபத்து உண்டு. நம் சம்ப்ரதாயத்தில் மட்டுமன்று, பாரத தேசத்தின் நெடிய சரித்திரம் முழுவதும் இதைக் காணலாம். மஹாபாரதத்தின் ஆரண்ய பர்வத்தில் மிதிலையில் இறைச்சி விற்கும் தர்மவ்யாதர் கௌசிகன் என்னும் அந்தணனுக்குத் தர்மத்தை உபதேசிக்கிறார். அதே பர்வத்தில், பாம்புருக்கொண்ட நஹுஷனுக்கு விடை கூறும் யுதிஷ்டிரர் அந்தணன் இன்னான் என்பதை ஒழுக்கத்தைக் கொண்டே தீர்மானிக்கிறார். உண்மை இத்தேசத்தாருக்குத் தெரியாமலில்லை. தங்கள் மிக உயர்ந்த நூல்களிலேயே அதை எழுதி வைத்தனர். ஆயினும் தர்மவ்யாதரைப் போற்றியவர்கள் தங்கள் ஊர் இறைச்சிக்காரரை வீட்டுத் திண்ணையில் அமர்த்தினார்களா? அவரை மஹாத்மா என்று தனியே உயர்த்தியதால், மற்றவர்களை இருந்த இடத்திலேயே விட்டுவைப்பது எளிதாயிற்று. விதிவிலக்கைப் போற்றுவது விதியைக் காப்பாற்றும் ஓர் உபாயமாகிவிட்டது.

12ஆம் நூற்றாண்டில் கல்யாண நகரத்தில் பஸவரைச் சூழ்ந்த சரணர்கள் இதை மாற்ற முயன்றனர். அந்தணர் குலத்துப் பெண்ணுக்கும் செருப்புத் தைக்கும் குலத்துப் பிள்ளைக்கும் விவாஹம் நடந்ததாகவும், அதன் பொருட்டு இரு தந்தையரும் கொடிய தண்டனைக்கு ஆளானதாகவும் வீரசைவ மரபு கூறும். சொல் அனுஷ்டானமானபோதே அரசு சினந்தது என்பது கவனிக்கத்தக்கது.

நம் பக்கம் திருநாராயணபுரத்தைப் பார்ப்போம். செல்வப்பிள்ளையை மீட்டுவருவதில் உதவிய மக்களைத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு எம்பெருமானார் கௌரவித்தார். அவர்களுக்கு ஆலயப் ப்ரவேசமும் தந்தார். அது ஆண்டுக்கு மூன்று நாள்கள் என்பது வழக்கிலுள்ள செய்தி. அக்காலத்தில் அம்மூன்று நாள்கள் எத்தனை பெரிய உடைப்பு என்பதை மறுப்பதற்கில்லை. பின்வந்த நூற்றாண்டுகள் அதை நான்காக்கவில்லை என்பதே நம் வருத்தம். உடையவர் திறந்த கதவை, அவர் திறந்த அளவுக்கே திறந்து வைத்திருப்பதுதான் பக்தி என்று எண்ணிவிட்டோம் போலும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. எம்பெருமானார் பேசிய வேலி அற்பமானதன்று. ஆலயமும் ஆராதனமும் அத்யயனமும் ஒழுங்கின்றித் தலைமுறைகளைக் கடந்து வந்திரா. வேதாந்த தேசிகர் ரஹஸ்யத்ரயஸாரத்தில் பாகவதனுடைய ப்ரபாவம் வேறு, ஜாதி வ்யவஸ்தை வேறு என்று பிரித்துக் காட்டி இரண்டையும் நிலைநிறுத்துகிறார். பிள்ளை லோகாசார்யரோ ஸ்ரீவசனபூஷணத்தில் பாகவதாபசாரங்களைச் சொல்லுமிடத்து அடியாருடைய பிறப்பை ஆராய்வதை அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். இவ்விருவர்க்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல நாம் அதிகாரிகளல்லோம். ஆனால் நாம் அனுபவத்தில் கண்ட ஒன்றைச் சொல்லலாம்: பிறப்பை ஆராயாதே என்ற வாக்கியத்தை உரக்கச் சொல்வோரும், மரியாதை குலையாதே என்போரும், ஒரு மரணம் நேரும்போது பெரும்பாலும் ஒன்றுபோலவே நடந்துகொள்கின்றனர். அங்கே கலைபேதம் இல்லை.

வேறொரு கேள்வி இதைவிடக் கடினமானது. மாறனேரி நம்பி ஆளவந்தாரின் சிஷ்யர்; ஆகவே அவருக்குச் செய்தது தகும். திருவிலச்சினையோ திருமந்த்ரமோ பெறாத அவருடைய அண்டை வீட்டாருக்கு? பாகவதனுக்கு மட்டுமே பிறப்பைப் பாராட்டலாகாது என்றால், மற்றவர்க்குப் பாராட்டலாம் என்றாகிவிடாதோ? வ்ருத்தாந்தம் இதற்கு நேராக விடை தரவில்லை. ஆயினும் நம் தத்த்வம் தருகிறது. சேஷத்வம் ஆத்மாவுக்கு ஸ்வரூபம். தீக்ஷையால் புதிதாக உண்டாவதன்று. அறிந்தவன் அடியான் என்று பேர் பெறுகிறான், அறியாதவனும் அவனுடைமையே. உடைமையை இழிவாக நடத்துகிறவன் உடையவனுக்கு என்ன பதில் சொல்லுவான்?

1936இல் திருவிதாங்கூரின் ஆலயப் ப்ரவேசப் பிரகடனமும், 1939இல் சென்னை மாகாணத்துச் சட்டமும், 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 17ஆம் பிரிவும் வந்தன. இவை சாஸ்த்ரத்தில் தலையிடுவன என்று குறைப்பட்டோர் நம்மிடையே இருந்தனர். குறைப்படுவதற்கு முன் ஒன்றை எண்ணியிருக்கலாம். நாம் அற்புதமென்று ஒதுக்கி வைத்ததைச் சட்டம் கட்டாயக் கடமை என்றது. செய்யாதவனையே கேள்வி கேட்டது. பெரிய நம்பிகளுடைய தர்க்கம் நம் கோஷ்டியில் கடலோசையாய் நின்றுவிட்டுச் சட்டசபையில் பொருளோடு ஒலித்தது என்றால் அது நமக்குப் பெருமையாகாது.

இன்றும் நம் ஊர்கள் பலவற்றில் மயானம் ஒன்றன்று. ஒரு தெருவாருக்கு ஆற்றங்கரை, மற்றொரு தெருவாருக்கு வயல் வரப்பைக் கடந்த ஒரு மேடு. சில இடங்களில் அந்த மேட்டுக்குச் செல்லும் பாதைக்கே நீதிமன்றத்தில் வழக்கு. மாறனேரி நம்பி அஞ்சியது தம் ஆத்மாவைப் பற்றியன்று. அது ஆளவந்தார் திருவடிகளில் சேர்ந்துவிட்டது. உடலை எடுப்பார் யார் என்பதே அவர் கவலை. மேட்டுப் பக்கத்துத் தெருவிலும் இன்று பாசுரம் சேவிப்பவர் உண்டு, திருமண்காப்பு தரிப்பவர் உண்டு. அவர்களில் ஒருவர் பரமபதித்தால் எந்தப் பாதையால், எவர் தோளில் அவரை எழுந்தருளப்பண்ணுவது என்பதை நம் கோஷ்டிகள் ஒருநாள் கூடிப் பேசியதாக நாம் கேட்டதில்லை.