அந்தரங்கம், சம்மதம், கைபேசி: திருமலையை முன்வைத்து

கடவுளுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நம்புகிறவர், மனிதர் கண்ணில் படாமல் சிலவற்றை வைத்துக்கொள்ள உரிமை கேட்கலாமா? தனியுரிமையைப் பற்றிச் சமயம் எழுப்பும் கேள்வி இது. தப்பு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது என்று பலரும் கேட்பதன் அடியில் இருப்பதும் இதுவே. கைபேசி ஒவ்வொருவருடைய நடமாட்டத்தையும் தொடர்புகளையும் விருப்பங்களையும் குறித்துக்கொள்ளும் இக்காலத்தில், இதற்கு விடை தேடாமல் இருக்க முடியாது.

திருமலையின் வழிபாட்டு முறையிலேயே ஒரு விடை கிடைக்கிறது. அங்குள்ள உண்டியல் துணி சூழ்ந்த பெரிய கொப்பரை. வேண்டுதலுக்கு மஞ்சள் துணியில் முடிந்து வைத்த காசோ, கழுத்திலிருந்து கழற்றிய சங்கிலியோ, உள்ளே விழுந்தபின் யார் எதைப் போட்டார் என்பது அடுத்து நிற்பவருக்குத் தெரியாது. கொடுத்தவர் பெயரை உண்டியல் கேட்பதில்லை. இரவில் கடைசியாக நடக்கும் ஏகாந்த சேவையோடு, நாள் முழுதும் எல்லோருக்கும் காட்சி தந்த பெருமாளுக்கும் நடை சாத்தப்படுகிறது. தெய்வத்தின் முன் திறந்து நிற்பதும் மனிதர் முன் மறைவாக இருப்பதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதை இவ்வழக்கங்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கின்றன. பக்தர் நம்பும் தெய்வம், தான் கண்டதை எவரிடமும் விற்பதில்லை. விளம்பர நிறுவனம் பார்ப்பதோ விற்பதற்காகவே.

அதே மலையில் இன்று வேறொரு பார்வையும் உண்டு. கைபேசியைக் கவுன்ட்டரில் ஒப்படைத்துவிட்டுத்தான் கோயிலுக்குள் போக முடியும். சில மணி நேரமாவது கை சும்மா இருப்பது நல்ல பழக்கம். ஆனால் 2023 மார்ச் 1 முதல், டோக்கன் இல்லாத தரிசனத்துக்கும் அறை ஒதுக்கீட்டுக்கும் முக அடையாளத் தொழில்நுட்பத்தைத் தேவஸ்தானம் சோதனை முறையில் கொண்டுவந்தது. தரகர்களைத் தடுக்கவும், ஒருவரே பலமுறை சலுகை பெறாமல் பார்க்கவும் என்பது காரணம். காரணம் நியாயமானது. எனினும் முடிகாணிக்கைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு: முடியைப் பக்தர் தாமாக விரும்பித் தருகிறார், முகம் சேவைக்கு நிபந்தனையாகப் பெறப்படுகிறது. முடி மறுபடி வளரும். கசிந்துபோன முகப்பதிவை மாற்ற வழியில்லை.

காணிக்கையைக் காணிக்கையாக்குவது சம்மதம். சட்டமும் இதற்கு அருகில்தான் நிற்கிறது. புட்டசாமி வழக்கில் 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தபோது, அதை மனித மாண்போடு சேர்த்தே பேசினார்கள்.

கைபேசியைத் தேர்ந்தெடுப்பதும் சம்மதம் பற்றியதே. கடையில் வாங்கும் ஆண்ட்ராய்டு, கூகுளோடும் பெரும்பாலும் தயாரிப்பாளரோடும் ஓயாமல் தொடர்பில் இருக்கும். கூகுள் சேவைகள் இல்லாமலே வரும் கிராஃபீன் ஓஎஸ் என்ற இயங்குதளம், பிக்சல் கைபேசிகளில் இயங்கும். எந்தச் செயலிக்கு எதைக் காட்டுவது என்பதை உடையவரே முடிவுசெய்யலாம். வாட்ஸ்அப்பில் செய்தியின் உள்ளடக்கம் மறையாக்கம் பெறுகிறது; ஆனால் யார் யாரோடு எப்போது தொடர்புகொண்டார் என்பதை நிறுவனம் அறிய முடியும். சிக்னல் செயலி, கணக்குத் தொடங்கிய நேரம், கடைசியாக இணைந்த நாள் ஆகியவற்றுக்கு மேல் அநேகமாக எதையும் வைத்துக்கொள்வதில்லை. மாஸ்டடான் என்ற சமூக வலைதளத்தில் விளம்பரம் கிடையாது. பதிவுகள் வந்த வரிசையிலேயே வரும். பார்ப்பவரைப் பிடித்துவைக்கும் கணக்கீடு அங்கே வேலை செய்வதில்லை.

இவ்வளவும் வெளிக்கருவியைப் பற்றியது. மதனப்பள்ளியில் 1895இல் பிறந்து, தம்மை உலக குருவாக முன்னிறுத்திய நட்சத்திர சங்கத்தை 1929இல் தாமே கலைத்த ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனை வழியில் நின்றால் ஒரு மறுப்பு எழும்: தன் மனம் எதற்காகத் திரையைத் தேடுகிறது என்று கவனிக்காதவர் செயலியை மாற்றி என்ன பயன்? வலுவான மறுப்புதான். ஆனால் முழு உண்மை அல்ல. கவனத்தைக் கலைப்பதற்கென்றே ஆயிரக்கணக்கான பொறியாளர்கள் உழைக்கும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு மனத்தைக் கவனி என்பது, தனிமனிதர் மேல் தாங்க முடியாத சுமையை ஏற்றுவது. குறளும் கீதையும் புலனடக்கத்துக்கு ஆமையைக் காட்டுகின்றன. ஆமை உறுப்புகளைத் துறப்பதில்லை. வேண்டும்போது நீட்டி, ஆபத்தில் இழுத்துக்கொள்கிறது. அப்படி இழுத்துக்கொள்ள அதற்கு ஓடு இருக்கிறது. தன்னைக் காட்டிக்கொடுக்காத கைபேசி அந்த ஓட்டைப் போன்றது; இழுத்துக்கொள்ளும் மனம் வேறு வேண்டும்.

தனியொருவரின் தேர்வு ஒரு கட்டத்துக்கு மேல் போகாது என்பதையும் சொல்ல வேண்டும். ஆந்திர அரசு 2025 ஜனவரி 30 அன்று 'மன மித்ரா' என்ற பெயரில் 161 சேவைகளை வாட்ஸ்அப்பிலேயே தரத் தொடங்கியது. வேலைக்கூலியை விட்டுவிட்டு ஊரிலிருந்து சித்தூர் போன்ற மாவட்டத் தலைநகர் வரை அலையத் தேவையில்லை என்பது ஏழைக்குப் பெரிய ஆறுதல். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் சொந்தக்காரர்களின் குழுவும் பள்ளிக்கூடத்தின் குழுவும் அரசும் ஒரே செயலியில் இருக்கும்போது, அதை விட்டு வெளியேறுகிறவர் ஊரோடு ஒட்டாதவராகிறார். வெளியேற நினைப்பவர்களில் பலர் பாதி வழியே போகிறார்கள்: அரசுக்கும் குழுக்களுக்கும் வாட்ஸ்அப், மனம்விட்டுப் பேசச் சிக்னல், அறிவிப்புகள் முழுதும் நிறுத்தம். இது சமரசம்தான், எனினும் எதை எங்கே பேசுவது என்ற முடிவு அவர்களிடமே இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையைத் தருகிறது. அரசுக்கோ விரிவான விலக்குகளையும் தருகிறது. ஆகவே வாட்ஸ்அப் வேண்டாம் என்பவருக்கு அரசு சேவைகள் தரும் மீசேவா மையத்தின் கவுன்ட்டரும், முகத்தைப் பதிய விரும்பாத யாத்திரிகருக்கு வேறொரு வரிசையும் திறந்திருக்க வேண்டும். அவற்றைக் கேட்டுப் பெறுவது பக்திக்கு எதிரான செயல் ஆகாது.